ஐந்தாவது படி

உக்காருங்க தம்பி. அதுல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எச்.எம். இப்போதைக்கு வரமாட்டார், வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்காராம். உங்களுக்கு என்ன, அட்மிஷனா? பொண்ணுக்கா. ஆறாவதா. நல்லது. கையெழுத்துக்குத்தானே, இருந்து வாங்கிட்டே போங்க.

நானா? நான் இந்த ஸ்கூல் வாத்தியார் இல்ல. வாத்தியாருக்கு வாத்தியார். பி.எட். காலேஜ்ல இருக்கேன். கோமதிநாயகம்னு பேரு. இந்தப் பக்கத்துல பி.எட். படிச்ச யார்கிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க, ‘ஏழு படி’ கோமதிநாயகம்னா தெரியும். வகுப்பறை மேலாண்மைன்னு ஒரு பேப்பர். பிள்ளைங்க சத்தம் போட்டா என்ன செய்யணும், எந்திரிச்சு நடந்தா என்ன செய்யணும், எதிர்த்துப் பேசினா என்ன செய்யணும். இருபத்தாறு வருஷமா அதைத்தான் நடத்துறேன். புக்கே போட்டிருக்கேன், ‘வகுப்பு உன் கையில்’னு. நாலாவது பதிப்பு. பதிப்புன்னா, காலேஜ் எதிர்ல ஜெராக்ஸ் கடையில போடுறதுதான். ஆனா ஸ்பைரல் பைண்டிங்.

அடிக்கச் சொல்ல மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடுறேன். கம்பே கூடாது. கண்ணாலயே அடக்கணும். அதுக்குத்தான் ஏழு படி.

நாலாவது பீரியடு எனக்கு. எட்டாம் வகுப்பு ஏ பிரிவு. நான் பாடம் எடுக்கணும், எங்க காலேஜ் பிள்ளைங்க பதிமூணு பேரு பின்னால உக்காந்து பாக்கணும். மாதிரி வகுப்பு. டெமோன்னு சொல்லுவோம். இப்ப மூணாவது பீரியடு ஓடுது. உங்க போன்ல மணி என்ன? பதினொண்ணு அஞ்சா. சரி. இருக்கு. இன்னும் அரை மணி நேரம் இருக்கு.

என்னை இதுல மாட்டிவிட்டது ஒரு பொண்ணு தம்பி. என்கிட்ட படிக்கிற பொண்ணு. முத்துப்பேச்சின்னு பேரு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க வீட்டுப் பொண்ணு, எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு பி.எட். வந்தது. கெட்ட பொண்ணுன்னு சொல்லமாட்டேன். ரெக்கார்டு நோட்டெல்லாம் நேரத்துக்கு வெச்சிரும். ஆனா ஒரு குணம். சொன்னா சொன்னபடி செய்யாது.

நான் என் கிளாஸ்ல ஒரு பயிற்சி வெச்சிருக்கேன். துண்டுச் சீட்டு. படிக்க வந்தவங்களையே பிள்ளைங்களா உக்கார வெச்சு ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்துருவேன். நீ பக்கத்துல உள்ளவன்கிட்ட பேசுறவன். நீ பென்சில் சீவுறேன்னு குப்பைத் தொட்டிக்கு நடக்குறவன். நீ அடிக்கடி பாத்ரூம் கேக்குறவ. முன்னால ஒருத்தர் நின்னு பாடம் நடத்தணும், இந்தத் தொந்தரவை எல்லாம் படிப்படியாச் சமாளிக்கணும். பாத்ரூம் கேக்குறதுக்கு அஞ்சாவது படி. திட்டமிட்ட கண்டுகொள்ளாமை. அதாவது, நாம பாக்கவே இல்லங்கிற மாதிரி பாடத்தைத் தொடரணும். கவனம் கிடைக்கலைன்னா கையை அவங்களே கீழ இறக்கிடுவாங்க. பத்துக்கு ஒன்பது பேரு சும்மா கேக்குறதுதான். நாமளும் படிக்கிறப்போ அப்படித்தானே கேட்டோம்.

முத்துப்பேச்சி முறை வந்துச்சு. பாத்ரூம் சீட்டு எடுத்த பொண்ணு சுண்டு விரலைக் காட்டிச்சு. இவ உடனே, “போய்ட்டு வாம்மா”ங்கிறா. அது என்ன செய்யும், எந்திரிச்சு வெளிய போயிருச்சு. எல்லாரும் சிரிக்கிறாங்க.

“ஏம்மா விட்டே?”

“போகணும்னு கேட்டா சார்.”

“அது நடிப்பும்மா. சீட்டுல எழுதியிருந்துச்சு.”

“சீட்டு அவகிட்டல்ல சார் இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்?”

நான் பத்துக்கு ரெண்டு போட்டேன்.

அப்புறம் மூணாவது செமஸ்டர் வந்துச்சு. பதினாறு வாரம் ஸ்கூல்ல போய்ப் பாடம் எடுக்கணும். செவக்காட்டுப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப்பள்ளி, ஊர் பேரு வேண்டாம், அங்க பன்னெண்டு பேரை அனுப்பினோம். இவளுக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. அறிவியல். மூணாவது வாரமே அந்த ஸ்கூல் எச்.எம்., கிறிஸ்டி மேடம், போன் பண்ணிட்டாங்க. “சார், உங்க ஸ்டூடண்ட் கிளாஸ்ல ஒரே சத்தம். பக்கத்து ரூம்ல பத்தாவது பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வைக்க முடியல.” ஏழு படி கோமதிநாயகத்தோட ஸ்டூடண்ட் கிளாஸ்ல சத்தம்! எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

மறுநாளே போனேன். வராண்டாவுல வரும்போதே கேக்குது, ட்ர்ர்ர்ர்ர்ர்னு. உள்ள எட்டிப் பாத்தா, நாப்பத்தொரு பிள்ளைங்களும் ஸ்கேலை பெஞ்சு விளிம்புல வெச்சு அமுக்கி அமுக்கி விடுறாங்க. சில பிள்ளைங்க பெஞ்சுல காதை வெச்சுக் கேக்குது. ரெண்டு பேரு கீழ உக்காந்திருக்காங்க. ஒரு பொண்ணு ஜன்னல் கம்பியில கரண்டியால தட்டுது, மதியச் சாப்பாட்டுக் கரண்டி! டீச்சர் எங்கேன்னு தேடுறேன். நாலாவது பெஞ்சுல பிள்ளைங்களோட பிள்ளையா உக்காந்து அவளும் ஸ்கேலை அமுக்கிட்டு இருக்கா.

ஒலிப் பாடம். சரி. அதிர்வு காட்டுறா. சரி. அதுக்கு ஒரு ஸ்கேல் போதும்ல? மேசையில வெச்சு டீச்சர் காட்டணும், பிள்ளைங்க கையைக் கட்டிட்டுப் பாக்கணும். நான் அப்சர்வேஷன் தாள்ல எழுதிட்டேன், வகுப்புக் கட்டுப்பாடு: இல்லைன்னு.

வெளிய கூப்பிட்டுக் கேட்டேன். “என்னம்மா இது சந்தைக்கடை?”

“சார், அவங்க சத்தம் போட்டது பாடத்தைப் பத்திதான் சார். ஸ்கேலை நீளமா விட்டா ஏன் சத்தம் தடிக்குதுன்னு ஒரு பொண்ணு கேட்டா. அது புக்லயே பின்னாலதான் சார் வருது.”

“பின்னால வர்றதைப் பின்னால கேக்கச் சொல்லு.”

சிரிச்சுட்டா தம்பி. கேலியாச் சிரிக்கல. ஆனாலும் சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்புல எனக்கு வாய் சும்மா இருக்கல. “அடுத்த வாரம் இதே கிளாஸை நான் எடுக்குறேன். நீங்க பன்னெண்டு பேரும் பின்னால உக்காந்து பாருங்க”ன்னுட்டேன். கிறிஸ்டி மேடம் பக்கத்துல நின்னாங்க. “அடடா, ரொம்ப நல்லது சார்”னு கையெடுத்துக் கும்பிடாத குறை.

சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. நான் ஸ்கூல் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்து முப்பது வருஷம் ஆச்சு. காலேஜ்ல எடுக்குறது வேற. அவங்க மார்க்குக்குப் பயந்த பெரிய பிள்ளைங்க.

முன்னால ஸ்கூல்ல வேலை பாத்திருக்கேன், பாக்காம இல்ல. உதவி பெறும் பள்ளி ஒண்ணு. ஜூன்ல சேந்தேன். எட்டாவது கிளாஸ். நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஆகஸ்ட்ல ஒருநாள் போர்டுல எழுதிட்டு இருக்கேன், பின்னால ‘ம்ம்ம்ம்’னு ஒரு சத்தம். திரும்பினா எல்லார் வாயும் மூடியிருக்கு. யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. உதடே அசையாது தம்பி. திரும்பி எழுதினா மறுபடி. மறுநாளும் அப்படித்தான். நான் வராண்டாவுல வரும்போதே ஆரம்பிச்சுருவாங்க. செப்டம்பர்ல மேல்படிப்புக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன். மேல்படிப்பும் படிச்சேன், அது பொய்யில்ல. ஆராய்ச்சியே அதுலதான், வகுப்பறை ஒழுங்கு. அனுபவத்துல வந்த ஆராய்ச்சி.

சரி, டெமோ விஷயத்துக்கு வர்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடு. நான் நல்லாத் தயார் பண்ணிட்டுத்தான் போனேன். எதிரொலி. போர்டு சார்ட் எல்லாம் போட்டிருந்தேன். முதல் படி, வாசல்லயே நின்னுரணும், உள்ள போகக் கூடாது. நின்னேன். ரெண்டாவது படி, ஒவ்வொரு பெஞ்சா பார்வை. மூணாவது, குறைஞ்ச குரல். “நான் கேக்காம யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் சொல்லாம யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது.” அவ்வளவுதான். அடங்கிருச்சு தம்பி! நாப்பத்தொரு பிள்ளைங்க. ஃபேன் சத்தம் மட்டும்தான். கிறிஸ்டி மேடம் வாசல்ல நின்னு பாத்துட்டு, தலையை ஆட்டிட்டுப் போனாங்க. பின்னால உக்காந்திருந்த எங்க பிள்ளைங்க குறிப்பு எழுதுறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்ன ஒரு இதுன்னு நினைக்கிறீங்க. முப்பது வருஷம்! இவ்வளவு சுலபமான்னு ஆகிப்போச்சு.

பாடத்தை ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் இருக்கும். மூணாவது பெஞ்சு, சுவரோரம் ஒரு பொண்ணு, சுண்டு விரலைக் காட்டிச்சு.

எனக்குச் சந்தோஷம்தான். ஏன்னா அஞ்சாவது படியைக் காட்ட வாய்ப்பு. நான் பாக்காத மாதிரி பாடத்தைத் தொடர்ந்தேன். விரல் இறங்கல. தொடர்ந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிக்கப் பாத்துச்சு. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி போர்டுல எழுத ஆரம்பிச்சேன். அதுவும் புக்ல இருக்கு. எழுதி முடிச்சுத் திரும்புறேன், கை இறங்கியிருக்கு. உக்காந்திருக்கு. நான் பின்னால உள்ள எங்க பிள்ளைங்களை ஒரு பார்வை பாத்தேன், கவனிச்சீங்களா, கை தானா இறங்கிருச்சுங்கிற மாதிரி. ரெண்டு பேரு தலையாட்டினாங்க.

அதுக்கப்புறம்தான் தம்பி ஆரம்பிச்சுது.

“எதிரொலின்னா என்ன?” கேட்டேன். பதில் இல்ல. சுலபமான கேள்வி. முதல் பெஞ்சுப் பையனை எழுப்பினேன். நின்னான். பேசல. “மலையடிவாரத்துல நின்னு கத்தினா என்ன கேக்கும்?” அடுத்தவனை எழுப்பினேன். நின்னான். பேசல. பொண்ணுங்க பக்கம் ஒருத்தியை எழுப்பினேன். அவளும் பேசல. பயத்துல நின்னா கண்ணு கீழ போகும், எனக்குத் தெரியாதா? இவங்க கண்ணு கீழ போகல. என்னையே பாக்குறாங்க. ஆறு பேரு நிக்குறாங்க, ஏழு பேரு நிக்குறாங்க. உக்காருன்னு சொல்லத் தோணல, அடுத்த ஆளை எழுப்பத்தான் தோணுது. ஃபேன் சுத்துது. நான் வாட்ச்சைப் பாக்குறேன். இன்னும் இருபத்து மூணு நிமிஷம் இருக்கு.

சத்தத்துக்கு ஏழு படி இருக்கு தம்பி. சத்தமில்லாததுக்கு நான் ஒண்ணும் எழுதல. நானே கேள்வி கேட்டு நானே பதில் சொன்னேன். சிரிப்பு வர்ற மாதிரி ஒரு கதை சொன்னேன், யாரும் சிரிக்கல. சட்டை முதுகுல ஒட்டிருச்சு. வெளிய போயிரலாமான்னு இருந்துச்சு. எப்படிப் போறது? பன்னெண்டு பேரு பேனாவும் கையுமா உக்காந்திருக்காங்க. வாசல் நாலே எட்டுத்தான். நாலு எட்டு வைக்க முடியல.

அப்பதான் கவனிச்சேன், மூணாவது பெஞ்சுல பொண்ணுங்க ஒழுங்கா உக்காரல. அந்தச் சுவரோரப் பொண்ணை ஒட்டி ஒட்டி நெருக்கியடிச்சு உக்காந்திருக்காங்க. ஏதோ ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நினைச்சேன். செல்போனா இருக்கும். “மூணாவது பெஞ்சு, தள்ளி உக்காருங்க”ன்னேன். அசையல. “சொல்றது கேக்கலையா?” அசையல. நான் அந்த பெஞ்சைப் பாத்து நடந்தேன். ஆறாவது படி அது, அருகே செல்லுதல்.

நான் ரெண்டு எட்டு வெச்சிருப்பேன். பின்னாலேர்ந்து முத்துப்பேச்சி வந்தா தம்பி. விறுவிறுன்னு. கையில தண்ணி பாட்டில். என்னைத் தாண்டிப் போயி அந்த பெஞ்சு மேலயே தடுக்கி விழுந்தா. ஒரு லிட்டர் தண்ணி. பெஞ்சு, தரை, அந்தப் பொண்ணு யூனிஃபார்ம், பக்கத்துல உள்ளவ யூனிஃபார்ம், நோட்டு, எல்லாம் நனைஞ்சு ஓடுது.

“ஐயையோ, சாரி சார், கால் தடுக்கிருச்சு. ஏய் பிள்ளைங்களா, உங்க மேல கொட்டிட்டேனே, வாங்க வாங்க, வெயில்ல நின்னு காய வைங்க.” என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அஞ்சு பொண்ணுங்களையும் அணைச்சாப்புல கூட்டிட்டு வெளிய போயிட்டா.

கால் தடுக்குற ஆளு பாட்டில் மூடியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டா வருவா? நான் பாத்தேன். மூடி இடது கையில இருந்துச்சு. வேணும்னே செஞ்சா. என் கிளாஸைக் கெடுக்கணும்னே செஞ்சா. அன்னைக்கு நான் அப்படித்தான் நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

மிச்சம் பதினாறு நிமிஷம். அதையும் நின்னேன். சொன்னதையே சொன்னேன். மணி அடிச்சுது. நான் முதல்ல வெளிய வந்தேன், பிள்ளைங்க அப்புறம்தான் வந்தாங்க.

கிறிஸ்டி மேடம் என்ன செஞ்சாங்க தெரியுமா? அவங்க பாத்தது முதல் அஞ்சு நிமிஷம்தானே. “சார், ஊசி விழுந்தா கேக்குது சார்! ஒன்பது பி-யா இதுன்னு ஆயிருச்சு”ன்னாங்க. அதோட விட்டாங்களா, எங்க பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதிட்டாங்க.

நான் முத்துப்பேச்சிக்குச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் போட்டேன். நூத்துக்கு நாப்பத்தொண்ணு. அம்பது எடுத்தாத்தான் பாஸ். காரணக் கட்டத்துல எழுதினேன், வகுப்பு ஒழுங்கைக் குலைத்தல், வழிகாட்டும் ஆசிரியரை மதியாமைன்னு. லிஸ்ட் ஒட்டின அன்னைக்கு என் ரூமுக்கு வந்தா. அழுவான்னு நினைச்சேன். அழல.

“சார், அன்னைக்கு மூணாவது பெஞ்சுல அந்தப் பொண்ணு உக்காந்த இடத்துலயே போயிட்டா சார்.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. “எங்க போயிட்டா?”

“ஒண்ணுக்கு சார். உங்ககிட்ட விரலைக் காட்டிட்டே இருந்தா. இன்டர்வெல்ல டாய்லெட்ல தண்ணி வரல, போக முடியாம வந்து உக்காந்திருந்தா. பெஞ்சு நனைஞ்சு கீழ ஓடுச்சு சார். பக்கத்துல உள்ளவங்க பாத்துட்டாங்க, அப்படியே கிளாஸ் பூரா தெரிஞ்சிருச்சு. அதான் யாரும் வாயைத் திறக்கல. ஒருத்தர் பேசினா சத்தம் வரும், சத்தம் வந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, நீங்க அந்தப் பக்கம் வருவீங்கன்னு பயந்துட்டாங்க. நீங்க நடந்து வர ஆரம்பிச்சதும்தான் எனக்கே அந்த பெஞ்சுக்குக் கீழ ஈரம் தெரிஞ்சுது சார்.”

நான் சொன்னேன், “இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?”

“எப்படி சார் சொல்றது? அத்தனை பேரு முன்னாலயா? பதினாலு வயசுப் பொண்ணு சார். சாயந்திரத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிரும். தண்ணியைக் கொட்டினா, டீச்சர் கொட்டிட்டாங்கன்னு போயிரும்ல சார்.”

அப்படித்தான் போச்சாம். அந்தப் பொண்ணு ரெண்டு நாள் வரலையாம், இவ வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிட்டு வந்தாளாம். பேரு கூடச் சொன்னா. என்னமோ பேரு. மறந்துட்டேன்.

நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல தம்பி. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு, கட்டிக்கொடுத்தாச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, பத்துக்கு ஒன்பது பேரு சும்மா கேக்குறவங்கதான்னு புக்லயே சொல்லியிருக்கேன். அந்த ஒண்ணு இதுவா அமைஞ்சிருச்சு. அதுக்கு முறையைக் குத்தம் சொல்ல முடியுமா?

மார்க்கைக் கூட்டிப் போடச் சொல்லுவான்னு நினைச்சேன். அதுவும் கேக்கல. “சார், உங்க புக்லேர்ந்து அந்த அஞ்சாவது படியை மட்டும் எடுத்துருங்க சார். அடுத்த வருஷம் படிக்கிறவங்க அப்படியே போய்ச் செய்வாங்க”ன்னா. நாலாவது பதிப்பு தம்பி! ஏழு படின்னு பேரு. ஒண்ணை எடுத்தா ஆறு படின்னு ஆயிரும். பாக்கலாம்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மார்க்கை மாத்தியிருக்கலாம்ல, அதைத்தானே கேக்க வர்றீங்க? நானும் பிரின்சிபால்கிட்டப் போனேன். நம்புங்க, போனேன். “தாராளமா மாத்துங்க சார், ஏன் மாத்துறீங்கன்னு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்க, யூனிவர்சிட்டிக்கு அனுப்பணும்”னார். உக்காந்து எழுதினேன். ‘மேற்படி மாணவி அன்று வகுப்பில்...’ அதுக்கு மேல என்ன எழுதுறது? அவ ஏன் தண்ணியைக் கொட்டினான்னு எழுதணும். அதை எழுதினா, அந்தப் பொண்ணு ஏன் அப்படி உக்காந்திருந்துச்சுன்னு எழுதணும். அதை எழுதினா, யாரு விடலைன்னு எழுதணும். நாலு தாளு கிழிச்சேன். ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கு எனக்கு. நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதுறது? ...சும்மா இருக்கீங்க. அதான், உங்களுக்கும் தோணல பாத்தீங்களா.

அவ மறுபடி பதினாறு வாரம் போறா. வருஷம் ஒண்ணு போச்சு. ஆனா பாருங்க, அதே ஸ்கூலைக் கேட்டு வாங்கிட்டா. அந்தப் பிள்ளைங்க இப்ப பத்தாவது பி. இவ முதல் நாள் போறப்போ ஸ்கூல் வாசலுக்கே வந்து நின்னாங்களாம். கிறிஸ்டி மேடத்துக்கிட்ட போன்ல கேட்டேன், சத்தம் எப்படி இருக்குன்னு. “சத்தம்தான் சார். ஆனா ஒருத்தரும் லீவு போட மாட்டேங்குறாங்க”ன்னாங்க. ஃபெயில் போட்டது தண்டனைன்னு நினைச்சேன். அது அவங்களுக்குப் பரிசாப் போச்சு.

தண்டனை எனக்கு. அந்த லெட்டர் இருக்கே, ஊசி விழுந்தா கேக்கும்னு எழுதினது. பிரின்சிபால் அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டிட்டார். நிர்வாகத்துல படிச்சுப் பாத்துட்டு, “எல்லாப் பயிற்சிப் பள்ளியிலயும் கோமதிநாயகம் சார் ஒரு மாதிரி வகுப்பு எடுக்கட்டும்”னுட்டாங்க. வாரம் ஒரு ஸ்கூல், புதன்கிழமை புதன்கிழமை. இது ஆறாவது. முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஏழு படி போட்டவன் கிளாஸுக்குப் போக மாட்டேன்னு சொன்னா?

நல்லாத்தான் போகுது. போகலைன்னு இல்ல. முதல் ஸ்கூல்ல ஒரு பையன் விரலைக் காட்டினான், உடனே விட்டுட்டேன். அடுத்தவன் காட்டினான், விட்டேன். பீரியடு முடியும்போது பதினெட்டுப் பேருதான் உள்ள இருந்தாங்க. எங்க பிள்ளைங்க எழுதிட்டு இருந்தாங்க. என்ன எழுதினாங்கன்னு நான் கேக்கல. ரெண்டாவது ஸ்கூல்ல வாசல்லயே கேட்டேன், யாருக்கு வெளிய போகணும், இப்பவே போய்ட்டு வந்துருங்கன்னு. கிளாஸே எந்திரிச்சுப் போயிருச்சு. நாலாவது ஸ்கூல்ல...

நாலாவது ஸ்கூல்ல போர்டுல எழுதிட்டு இருக்கேன். பின்னால ‘ம்ம்ம்ம்’னு ஆரம்பிச்சுது.

அதே சத்தம் தம்பி. இவங்க யாரும் அன்னைக்குப் பிறந்திருக்கவே மாட்டாங்க. எங்கேர்ந்து கத்துக்குறாங்க? நான் திரும்பவே இல்ல. எழுதிட்டே இருந்தேன். போர்டு நிறைஞ்சுது, அழிச்சுட்டு மறுபடி எழுதினேன். மணி அடிக்கிற வரைக்கும். தோள்பட்டை ரெண்டு நாளு தூக்க முடியல. வீட்ல என்னன்னு கேட்டா, பஸ் கம்பியைப் பிடிச்சு நின்னேன்னு சொன்னேன். புதன்கிழமை வந்தா காலையில சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இன்னைக்கும் ஒரு இட்லிதான். அதுவும் பாதி.

அவகிட்டக் கேட்டேன், முத்துப்பேச்சிகிட்ட. போன வாரம் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்க வந்தா. சும்மா கேக்குற மாதிரிதான் கேட்டேன். “ஏம்மா, கிளாஸ் பூரா ஒண்ணாச் சேந்து முனகினா நீ என்ன செய்வே?” “எனக்கு இன்னும் அப்படி நடக்கல சார். நடந்தா, ஒலிப் பாடம்னா ஸ்கேலை எடுக்கச் சொல்லுவேன். வேற பாடம்னா என்ன கோபம்னு கேப்பேன்”ன்னா. என்ன கோபம்னு கேக்குறதாம்! அதெல்லாம் எந்தப் படியில சேக்குறது?

...அது மணியா? ஆமா, மணிதான். மூணாவது பீரியடு முடிஞ்சுது. பதினொண்ணு முப்பத்தஞ்சா ஆயிருச்சு? உங்க போன் சரியா ஓடுதா?

அந்தா பாருங்க, எங்க பிள்ளைங்க வரிசையா நோட்டோட போறாங்க. “வந்துட்டேம்மா, வந்துட்டேன், நீங்க போய் உக்காருங்க.”

தம்பி, ஒரு சின்ன உதவி. நீங்க எப்படியும் எச்.எம். வர்ற வரைக்கும் இங்கதானே இருப்பீங்க. வராண்டாவுல கடைசி ரூமு, பச்சைக் கதவு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சு வாசல்ல வந்து நின்னு, ‘சார், உங்களை எச்.எம். உடனே கூப்பிடுறார்’னு சொல்லணும். அவ்வளவுதான். எச்.எம். இல்லாதது உள்ள இருக்குறவங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க, கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. நான் வந்துருவேன், வந்து இங்கயே உக்காந்துக்குவோம்.

பச்சைக் கதவு. மறந்துராதீங்க. பத்து நிமிஷம்னா சொன்னேன்? வேண்டாம் தம்பி. அஞ்சுலயே வந்துருங்க.